தொரப்பாடி ஜெயிலில் இருக்கிறவரின் குடும்பத்துக்கு ஒரு சின்ன அறக்கட்டளை என்ன செய்ய முடியும்?

காட்பாடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றாகப் படித்தவர்கள் சிலர் சேர்ந்து காட்பாடியில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு நோட்டு, பை, கட்ட முடியாத ஓரிருவருக்குக் காலேஜ் ஃபீஸ், மழைக்காலத்தில் பாய், போர்வை, அவ்வளவுதான்.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர், இரண்டு பிள்ளைகள். நோட்டு வாங்கத்தான் வந்தார். எங்கள் தோழி ஒருத்தி உட்கார வைத்து டீ கொடுத்துப் பேசியபோதுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. வீட்டுக்காரர் வேலூர் தொரப்பாடி சென்ட்ரல் ஜெயிலில் விசாரணைக் கைதியாக இருக்கிறார். ஜாமீன் ஆர்டர் வந்தே பல வாரம் ஆகிவிட்டதாம், ஆனால் ஆள் இன்னும் உள்ளேதான். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்கிறார். பெரிய பையன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிறான்.

எங்கள் குழுவிலேயே இரண்டு கட்சி. ஜெயில், போலீஸ், கேஸ் என்று போனால் நம் பெயரும் கெடும், நோட்டு கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பாதிப் பேர். மீதிப் பேருக்கு ஏதாவது செய்ய ஆசை, ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஜெயிலுக்கு உள்ளே போய் நிகழ்ச்சி நடத்துவதா, வெளியே குடும்பத்தைப் பார்ப்பதா, நாங்களே ஜாமீன் கையெழுத்துப் போடலாமா, போட்டால் சட்டச் சிக்கல் வருமா? வேலூர்ப் பக்கம் இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டு வராண்டா:

வக்கீலாக இருக்கிறேன், இலவச சட்ட உதவிக் கேஸ்களும் பார்ப்பேன். முதலில் அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நாள் போகப் போக நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஜாமீன்தாரர் கிடைக்காததுதான் காரணம். இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஆர்டரில் போட்டிருப்பார்கள். கூலிக்குப் போகிற குடும்பத்தில் தன் பெயரில் வீட்டு வரி ரசீது வைத்திருக்கிற ஆளைத் தேடுவதே பெரும்பாடு. அப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தாலும், இவன் வாய்தாவுக்கு வராமல் போனால் என் தலையில் விழுமே என்று நழுவிவிடுவார். பிறகு கோர்ட் வாசலில் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது என்று யாராவது வந்து காதில் ஓதுவார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜாமீன்தாரர் இதற்கு முன் யார் யாருக்கு நின்றிருக்கிறார் என்பதையும் கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், பொய் சொல்லி மாட்டினால் இன்னொரு கேஸ்.

இதற்கு நேர் வழியே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே வழிகாட்டுதல் கொடுத்தது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும், அவர் உள்ளே ஆளை அனுப்பி என்ன தடை என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் யாராவது ஒருவர் நேரில் போய் நின்று கேட்டால்தான் ஃபைல் நகரும். அந்த ஒருவராக உங்கள் அறக்கட்டளை இருக்கலாம்.

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்தின் 12-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. போனில் கேட்க 15100. இதுபோக 2023-இல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பணம் கட்ட முடியாமல் உள்ளே கிடக்கிற விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரை, மாவட்டக் குழு பார்த்து ஒப்புதல் தரலாம் என்று ஆரம்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போதைய வரம்பை ஆபீஸிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போதைப்பொருள், ஊழல், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) மாதிரி சில வழக்குகளுக்கு அது கிடையாது.

கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். 60 நாளில், பெரிய குற்றம் என்றால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். முதல் முறை கேஸில் மாட்டியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணையிலேயே உள்ளே கழித்திருந்தால் விடவேண்டும் என்று புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 479-வது பிரிவு இருக்கிறது (ஆயுள் தண்டனை வரக்கூடிய கேஸுக்கு இது பொருந்தாது, ஒருவர் மேல் பல கேஸ் இருந்தாலும் சிக்கல்). குண்டாஸில் போட்டிருந்தால் கதை வேறு, அதற்கு ஜாமீனே கிடையாது, உத்தரவையே எதிர்த்து ஹைகோர்ட் போக வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: அறக்கட்டளை ஆட்கள் ஜாமீன்தாரராக நிற்காதீர்கள். ஆள் தலைமறைவானால் பத்திரத்தில் எழுதிய தொகையை உங்களிடம்தான் கேட்பார்கள். ஒரு குடும்பத்துக்கு நின்றால் அடுத்த குடும்பத்துக்கு ஏன் நிற்கவில்லை என்ற பேச்சும் வரும்.

பேர்ணாம்பட்டு அக்கா:

தம்பி, நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு கேஸில் உள்ளே இருந்தார், கடைசியில் விடுதலை ஆனது. ஆனால் அது முடிவதற்குள் நாங்கள் பட்டதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உதவி கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். எங்களுக்கு அரிசி கொடுத்த ஒரு குழு (பெயர் வேண்டாம்) பேனர் கட்டி, என் பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அதுவரை ஸ்கூலில் அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம். அந்தப் படம் வந்த மறுநாள் என் மகள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த அம்மாவின் பையன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிறானே, அவனுக்கு நோட்டு பிரச்சினையாக இருக்காது, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கூலில் ஒரே ஒரு டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலே போதும், எல்லா டீச்சருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மனு பார்க்கப் போவதை, அதாவது உள்ளே இருக்கிறவரை ஜெயிலில் போய்ப் பார்ப்பதைப் பற்றி, வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. குடியாத்தத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, வேலூர் வந்து, பாகாயம் போகிற டவுன் பஸ் பிடித்துத் தொரப்பாடியில் இறங்கி, ஆதார் கொடுத்துப் பதிவு செய்து, கூப்பிடும்வரை உட்கார வேண்டும். அன்றைய கூலி போச்சு. பிள்ளையைக் கூட்டிப் போனால் ஸ்கூல் லீவு, விட்டுவிட்டுப் போனால் அப்பாவைப் பார்க்கவில்லை என்று அழுகை. நான் போன காலத்தில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவோம், பக்கத்து ஆள் பேச்சுதான் காதில் விழும். கேஸ் என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்போது இன்டர்காம் வைத்திருக்கிறார்கள், வீடியோவிலும் பேசலாம் என்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அந்த அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கும். உங்கள் பிள்ளைகளில் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்து அதைப் பதிவு செய்து கொடுத்து, மாதத்தில் சில தடவை உங்கள் ஆபீஸிலிருந்தே பேச வைத்தால் அவர்களுக்கு எவ்வளவோ மிச்சம். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை மட்டும் கொடுங்கள்.

அப்புறம் பணம். உள்ளே கேன்டீனில் சோப்பு, பிஸ்கட், ஊறுகாய் வாங்க அவர்கள் கணக்கில் வீட்டிலிருந்து பணம் கட்ட வேண்டும். அவர் கேட்காமலும் இருக்கமாட்டார், நாம் கட்டாமலும் இருக்க முடியாது. பால்காரனுக்கு வைத்த காசு அங்கே போகும். வெளியே இருக்கிற உறவுக்காரர்கள் இதைப் பார்த்து, அவனுக்கு எதற்கு அனுப்புகிறாய் என்பார்கள். நீங்களும் அப்படிக் கேட்டுவிடாதீர்கள்.

வீட்டு ஓனர் விஷயத்துக்கு உங்கள் ஆட்கள் இரண்டு பேர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பேசினாலே பாதி தீர்ந்துவிடும். அவருக்கும் பயம், போலீஸ் வந்து போகிற வீடு என்று தெருவில் பேசுவார்களே என்று. எங்களுக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது சொந்தத்தில் பாதிப் பேர் வரவே இல்லை, தாய்மாமன் சீர் மட்டும் எப்படியோ வந்தது. எங்களோடு கோர்ட்டுக்குக் கூடவே வந்தது ஒரு கன்னியாஸ்திரி, சிறைப் பணி செய்கிறவர். நாங்கள் வேறு மதம், ஒரு நாளும் மதம் பேசியதில்லை. வக்கீல் சொல்வதைத் திருப்பி எனக்குப் புரிகிற மாதிரி சொல்வார், அடுத்த வாய்தா தேதியை என் கையில் எழுதிக் கொடுப்பார். அரிசி கொடுத்தவர்களை விட அவரைத்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சத்துவாச்சாரி வாசி:

எல்லாம் சரி. குற்றம் செய்தவன் குடும்பத்துக்கு இத்தனை பேர் ஓடுகிறீர்கள், அடிபட்டவன், திருட்டுக் கொடுத்தவன், கொலையானவன் பொண்டாட்டி, இவர்களுக்கு யார் ஓடுகிறார்கள்? அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறதே.

கோர்ட்டு வராண்டா:

நியாயமான கேள்வி சார். அதே சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகத்தான் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுக்கும் மனு போடுவது, அதற்கும் கூடப் போக ஆள் இல்லாமல்தான் இருக்கிறது. அறக்கட்டளை இரண்டு பக்கமும் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் இந்த நாட்டு ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் தீர்ப்பே வராதவர்கள். அதோடு அந்த அம்மாவின் பையன் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

ஓய்வில் இருக்கிறவன்:

சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளே நிகழ்ச்சி நடத்துவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதைச் சொல்கிறேன்.

உள்ளே போக அனுமதி வேண்டும். சூப்பிரண்டு வழியாகக் கடிதம் கொடுத்து, சென்னையில் இருக்கிற சிறைத்துறைத் தலைமையகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அறக்கட்டளைப் பதிவு, கணக்கு, வருகிற ஆட்களின் விவரம் எல்லாம் கேட்பார்கள். தீபாவளிக்கு ஸ்வீட், பொங்கலுக்குப் பாட்டுக் கச்சேரி என்று வருகிறவர்கள் நிறைய உண்டு. வருஷத்தில் ஒரு நாள் வந்து போகிறவர்களால் அதிகாரிகளுக்கு வேலை, கைதிகளுக்கு ஒரு வேளை லட்டு, அதற்கு மேல் எதுவும் இல்லை. படிப்பு சொல்லிக் கொடுக்க வாரா வாரம் வருகிறேன் என்று சொல்லுங்கள், மரியாதையே வேறு. உள்ளேயிருந்து பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கணக்கும் ஆங்கிலமும்தான் அவர்களுக்குத் தடை. முதலில் சிறை நல அலுவலரைப் பாருங்கள், எந்தக் கைதியின் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும்.

வேலூரில் ஆண்கள் ஜெயில் தவிர பெண்கள் தனிச் சிறையும் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுவார்கள். தாயோடு குழந்தை 6 வயது வரை உள்ளே இருக்கலாம், 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு முடிந்ததும் வெளியே அனுப்ப வேண்டும். பாட்டி இருந்தால் பாட்டி வீடு, இல்லையென்றால் விடுதி. பிறந்ததிலிருந்து நாயையும் பஸ்ஸையும் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை, ஒரே நாளில் அம்மாவையும் விட்டுவிட்டு வெளியே வரும். அந்த முதல் வருஷம் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்து, அம்மாவிடம் மனுவுக்குக் கூட்டி வர ஆள் வேண்டும். பணம் அதிகம் பிடிக்காத வேலை, பொறுமை பிடிக்கும்.

விடுதலையாகி வருகிறவர்களுக்கு உதவ விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கம் என்று தமிழ்நாட்டில் ஒன்று உண்டு, தொழில் தொடங்க உதவி கேட்கலாம். கத்தோலிக்கர்கள் நடத்தும் பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா தன்னார்வலர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், அந்த அக்கா சொன்ன சிஸ்டர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். இந்த ஊரில் வேலை வாங்கித் தருவதும் கஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம். வேலூர் ஜெயிலில் போலீஸுக்கு ஷூ தைக்கிறார்கள். அந்தக் கை வந்தவனுக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை இல்லாமல் போகாது, இவனுக்கு நான் பொறுப்பு என்று சூப்பர்வைசரிடம் சொல்ல ஆள்தான் இல்லை.

ஒன்று சொல்ல மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். 1830-இல் கட்டிய ஜெயில் இது. ராஜாஜி இருந்திருக்கிறார், காமராஜர் இருந்திருக்கிறார். தெற்கு மாநிலங்களின் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற கல்லூரியும் 1979-லிருந்து இதே ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும் ஜெயில் குடும்பம் என்றால் வாடகைக்கு வீடு கொடுக்கமாட்டேன் என்கிற ஊரும் இதுதான். உங்கள் குழுவில் பெயர் கெடும் என்று பயப்படுகிறவர்களை ஒரு நாள் மனு பார்க்கிற இடத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பேர்ணாம்பட்டு அக்கா:

பிள்ளைகளுக்கு இன்னொன்று. மிஷன் வாத்சல்யா என்று ஒரு திட்டத்தில் 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. பெற்றோர் ஜெயிலில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கேட்கலாம், வருமான வரம்பு இருக்கிறது, கிராமம் என்றால் வருஷத்துக்கு 72,000, மற்ற இடத்தில் 96,000. கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று கேளுங்கள். குடியாத்தம் வேலூர் மாவட்டம்தான், ஆனால் 2019-இல் மாவட்டம் பிரித்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் திருப்பத்தூர் போக வேண்டும், ஆற்காடு, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. இது தெரியாமல் பஸ் ஏறி வேலூர் வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பா உள்ளே இருப்பதற்கு ஜெயிலிலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவருக்கு வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

காட்பாடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. குழுவில் இதை அப்படியே படித்துக் காட்டினேன். பேனர் போடுவதை நிறுத்த வேண்டும் என்றதும் ஒருவருக்கு முகம் சுருங்கியது, போகட்டும். இப்போதைக்கு இரண்டு வேலை எடுத்துக்கொள்கிறோம், ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் குடும்பத்தோடு ஆபீஸ்களுக்குக் கூடப் போவது, வீடியோ மனுவுக்குப் பதிவு செய்து கொடுப்பது. உள்ளே போவதைப் பிறகு பார்க்கலாம்.

திங்கட்கிழமை அந்த அம்மாவைச் சத்துவாச்சாரிக்குக் கூட்டிப் போகிறோம். ஒரு சந்தேகம், ஜாமீன் ஆர்டர் நகல் அவரிடம் இல்லை, வக்கீல் பெயரும் சரியாகத் தெரியவில்லை. ஸ்டேஷன் பெயரும் வீட்டுக்காரர் பெயரும்தான் தெரிகிறது. போதுமா?

கோர்ட்டு வராண்டா:

ஸ்டேஷன் பெயரோடு குற்ற எண் கிடைத்தால் நல்லது, எஃப்ஐஆர் நகல் எங்காவது துணி பீரோவில் இருக்கும், தேடச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த கோர்ட், எந்தக் கேஸ் என்பது ஜெயிலில் பதிவாகி இருக்கும், சட்ட உதவி ஆபீஸிலிருந்தே கேட்டு வாங்கலாம். கேஸ் எண் தெரிந்துவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த தேதி பார்த்துக்கொள்ளலாம். பழைய வக்கீல் யார் என்று தெரிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டே இலவச வக்கீலுக்கு மாறுங்கள், இல்லையென்றால் வக்காலத்து மாற்றுவதில் நாள் போகும். புது வக்காலத்தில் ஜெயில் அதிகாரி முன்னால்தான் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அந்த நடையையும் கணக்கில் வையுங்கள்.

பேர்ணாம்பட்டு அக்கா:

தம்பி, திங்கட்கிழமை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பீடிக்கு இலை, தூள் கொடுக்கிற நாள் எது, கட்டிய பீடியை வாங்கிக்கொள்கிற நாள் எது என்று அவரிடம் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். அந்த நாளில் வேலூர் வந்துவிட்டால் அந்த வாரக் கூலி அத்தனையும் போய்விடும், அதை அவர் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.